ஃபிரிட்ஜ் மேல் ஏரி

போன டிசம்பர் மழையில் பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் மொத்தத்தையும் எலியேசர் அரையடி உயர மரச்செம்பு ஒன்றில் பிடித்து, மூடி போட்டு, ஃபிரிட்ஜின் மேல் ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீரோடு கொஞ்சம் ஆகாயத்தாமரையும், ஒரு ஜோடி முக்குளிப்பான் பறவைகளும், ஏகப்பட்ட ஜிலேபிக் கெண்டைகளும், யாருடையதோ ஒற்றைக் குழந்தைச் செருப்பும் உள்ளே போயின. ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அந்தத் தெருவில் இதைப் பற்றி இரண்டாவது பேச்சே கிடையாது. பால் போடுகிறவர் நம்பினார். இஸ்திரி வண்டிக்காரர் நம்பினார். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் தன் கைக்கடிகாரத்தையே இன்னொரு கடிகாரம் பார்த்துச் சரிபார்க்கிற எதிர்வீட்டு வைத்தீஸ்வரனே நம்பினார். நம்பாத ஆள் தெருவிலேயே ஒருவர்தான். அந்த ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரி, எலியேசரின் மனைவி ஜெயசீலி.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எலியேசர், தான் கடைந்த ஷாஃப்ட் ஒன்று மோட்டாரை நிறுத்திய பிறகும் மூன்று நாள் சுற்றிக்கொண்டிருந்தது, கடைசியில் முதலாளி நேரில் வந்து கெஞ்சிய பிறகுதான் நின்றது என்று எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயசீலி மட்டும் 'உம்' என்றாள். அந்த 'உம்' மேல் அன்று எலியேசருக்கு உண்டான ஆசை இன்னும் தீர்ந்தபாடில்லை. கல்யாணமாகி, ஜாஸ்மின் பிறந்து வளர்ந்து, அவளுக்கும் கல்யாணமாகி, இவர் வேலையை விட்டு வந்து உட்கார்ந்த பிறகும் வீட்டில் நடந்தது அதேதான். அவர் அளப்பார், அவள் கீரை ஆய்ந்துகொண்டே 'உம்' கொட்டுவாள். புளுகு பெரிதாகப் பெரிதாக 'உம்' நீளும். தான் தொட்டதும் பித்தளை வெட்கப்பட்டுச் செம்பாகிவிட்டது என்று அவர் ஒருநாள் சொன்னபோது அவள் விட்ட 'உம்', தாம்பரத்தில் ரயிலேறிப் பல்லாவரத்தில்தான் இறங்கியது. பொய் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. உண்மை என்றும் சொன்னதில்லை.

எலியேசர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் டர்னராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கை அரித்தது. கார் இல்லாத தன் கார் ஷெட்டில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு மரம் கடைய ஆரம்பித்தார். முதல் மாதம் முழுக்க மரத்தை இரும்பு என்றே நினைத்துக் கடைந்தார். சூடாகுமே என்று கூலண்ட் ஊற்றினார். வேப்பங்கட்டை அதைக் குடித்துவிட்டு நிறைமாத கர்ப்பிணி மாதிரி உட்கார்ந்தது. இன்று அளந்த அளவு நாளை மாறியிருப்பதைப் பார்த்து, பின்னாலேயே யாரோ வந்து கடைந்துவிட்டுப் போகிறார்கள் என்று ஷெட்டுக்குப் பூட்டு வாங்கினார். மரம் காயக் காயச் சுருங்கும், மழைக்கு உப்பும், இரும்பு மாதிரி சொன்ன சொல்லில் நிற்காது என்பது அவருக்குப் புரிய ஒரு கோடைகாலம் பிடித்தது. புரிந்த பிறகு மரத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. தன்னைப் போலவே கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பேசுகிற பொருள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரே குறை தண்ணீர். பெருமழை பெய்த வருஷம் ஏரி வழிந்து வீட்டுக்குள் வந்து கட்டில் கால்களை விழுங்கியது. ஜெயசீலி அலமாரிச் சாமான்களை மேலே ஏற்றுவதற்காக இடுப்பளவு நீரில் நின்றுகொண்டே இருந்தாள். விரலிடுக்கில் அப்போது பிடித்த சேற்றுப்புண் அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் தவறாமல் திரும்பி வந்தது, வருஷா வருஷம் வருகிற உறவுக்காரர் மாதிரி. இப்போதெல்லாம் வானம் இருண்டாலே போதும், இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்து, சேலையால் மூடிக்கொள்வாள். வாய் ஓயாத எலியேசர் அந்த நேரத்தில் மட்டும் பேசமாட்டார். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்துவந்து அவள் கால் விரலிடுக்கில் தடவிவிடுவார்.

போன வருஷம் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்தா பாருங்க ஜாஸ்மினப்பா. இன்னொரு வாட்டி தண்ணி நெலப்படியத் தாண்டிச்சின்னா நான் பொண்ணு வூட்டுக்குப் போய்டுவேன். நீங்க வந்தா வாங்க. வராங்காட்டி உங்க லேத்தோட குடித்தனம் பண்ணிகினு இருங்க."

ஜாஸ்மின் வீடு கீழ்க்கட்டளையில் மூன்றாவது மாடி. அங்கே லேத் ஓடினால் இரண்டாவது மாடியில் டம்ளர்கள் எழுந்து நடக்கும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். லேத் இல்லாத வீட்டை எலியேசரால் எப்படியோ நினைத்துப் பார்க்க முடிந்தது. ஜெயசீலி இல்லாத வீட்டை நினைக்கப் போனால் பாதியிலேயே எழுந்து அவள் எங்கே என்று பார்க்கப் போய்விடுவார். இரண்டும் இருக்கிற வீடு ஒன்றுதான், அது ஏரிக்குக் கீழே இருந்தது.

அந்த ஆடிக்காற்றில் ஏரிக்கரைத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. பிறந்ததிலிருந்து ஏரித் தண்ணீரையே குடித்து வளர்ந்த மரம். அது சாய்ந்த அன்று ஏரி ஒரு விரல்கடை உயர்ந்தது என்று வைத்தீஸ்வரன் அளந்தே சொன்னார். அறுக்க வந்தவர்களிடம் கேட்டு எலியேசர் நடுத்தண்டில் ஒரு துண்டை வாங்கி வந்தார். ஜெயசீலிக்குப் புளி வைக்க ஒரு செம்பு செய்ய வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக எண்ணம். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் புளி டப்பாவையே புள்ளி புள்ளியாகத் தின்கிறது. பிளாஸ்டிக்கில் வைத்தால் வாடை. மரத்தில் வைத்த புளி மட்டும் வருஷம் ஆனாலும் புளியாகவே இருக்கும். வெளியே கடைந்து உருட்டுவது ஒரு நாள் வேலை. உள்ளே குடைவதுதான் சிக்கல். வாய் குறுகல், வயிறு பெரிது. சாதாரண உளி உள்ளே போனால் வயிற்றோரத்துக்குத் திரும்பத் தெரியாமல் முழிக்கும்.

அதற்கு வளைய உளி வேண்டும் என்றார், திருமுடிவாக்கத்தில் சாணை பிடிக்கிற பட்டறை வைத்திருக்கும் கதிரேசன். எலியேசரோடு பக்கத்து லேத்தில் நின்றவர், வாய்க்கு வாய் சரிக்குச் சரி. சின்ன பேரிங் ஒன்றின் வளையத்தை விளிம்பு தீட்டி, நீளக் கம்பியின் முனையில் பற்றவைத்து, வேப்பமரக் கைப்பிடி போட்டுக் கொண்டுவந்தார். பார்க்க, பெரிய மனுஷி காதுத் தோடு ஒன்றைக் குச்சியில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. வளையத்தின் விளிம்பு மரத்தை வெட்டும். வெட்டுப்பட்ட சீவல் வளையத்தின் நடுவே நுழைந்து ரிப்பன் மாதிரி வெளியே ஓடிவரும்.

"அண்ணா, நல்லா கேட்டுக்க" என்றார் கதிரேசன். "இது ஓரத்துலேர்ந்து உள்ள போற உளி இல்ல. நடுவுல ஆரம்பிச்சி ஓரத்துக்கு இஸ்துகினு வரணும். வளையத்த நிமித்திப் புடிச்சின்னா மரம் கடிச்சி மணிக்கட்ட முறுக்கிடும், சாச்சே புடி. முக்கியமா, மொதல்ல நடுவுல டிரில் வுட்டு ஆழத்துக்கு ஒரு ஓட்ட போட்டுக்க. அந்த ஓட்டையோட அடிதான் ஸ்டாப்பு. இல்லாங்காட்டி எங்க நிக்கறதுன்னே தெரியாது."

"போடா. இரும்புல மயிரிழைய நாலா பொளந்த கைடா இது. என் கைக்குத் தெரியாத ஆழமா?"

"உன் கைக்குத் தெரியும்ணா. உளிக்குத் தெரியணுமே!"

எலியேசர் சிரித்தார். ஓட்டை போடவில்லை. அதற்கப்புறம் நடந்தது எல்லாமே அந்த ஓட்டை போடாததால் நடந்தது.

கட்டை சுற்றியது. வளையத்தைச் சாய்த்து நடுவில் வைத்து, மெல்ல ஓரத்துக்கு இழுத்தார். ஈரச் சீவல் சுருள் சுருளாக அவர் முழங்கை மேல் வந்து விழுந்தது. முதல் மழைக்கு ஏரிக்கரை மணக்குமே, அந்த மணம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே போனார். உளி எங்கேயும் முட்டவில்லை. செம்பு அரையடி உயரம். உளியோ ஒரு முழம் உள்ளே போய்விட்டது. வெளியே செம்பின் அடி அப்படியே லேத்தின் பிடியான சக்கில் உட்கார்ந்து சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் கைப்பிடியும் உள்ளே போனது. கதிரேசனுக்கு போன் போட்டார். கதிரேசன் பைப் எடுத்து வந்து கைப்பிடியோடு பற்றவைத்தார். அது போதவில்லை, இன்னொரு பைப். அதுவும் போதவில்லை. வாரக் கடைசியில் கைப்பிடி ஷெட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசல்வரை நீண்டிருந்தது. அதன் நுனி ஆடாமல் இருக்க வைத்தீஸ்வரன் ஈசிசேரில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் தலையைக் குனிந்து அதன் கீழே போய்ப் பழகிவிட்டார்கள். துணி காயப்போட வசதியாக இருப்பதாக வைத்தீஸ்வரனின் மனைவி சாவித்ரி சொன்னார்.

சீவலுக்குத்தான் இடமில்லாமல் போனது. டீக்கடை அடுப்புக்கு மூட்டை மூட்டையாகப் போனது. கோழி வளர்க்கிறவர்கள் வாங்கிப்போனார்கள். அந்த வருஷம் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை எந்த மாதா கோயிலிலும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வாங்கவில்லை. குழந்தை இயேசுக்கள் எல்லாரும் தூங்குமூஞ்சிச் சீவலில்தான் தூங்கினார்கள், வழக்கத்தைவிட நன்றாகவே.

ஜெயசீலி இதையெல்லாம் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். அவளுக்கு எதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. கட்டை கட்டையாக வீணடித்துவிட்டு மனுஷன் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார், அதனால்தான் இத்தனை சீவல். தெருவில் நீளமாகக் கிடக்கிற குழாயா? மழைநீர் வடிகாலில் அடைப்பு எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான், ஆள் சேர்ந்து செய்கிறார்கள், செய்யட்டும். கடைசியில் குடைவதை நிறுத்தியதும் அவள்தான். அடியைக் கண்டுபிடித்து எலியேசர் நிற்கவில்லை. "கருவாட்டுக் குழம்பு ஆறிகினு கீது, வரீங்களா இல்லியா?" என்று அவள் கூப்பிட்டாள், அவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கைகழுவப் போனார். செம்புக்கு அடி எங்கே இருக்கிறது என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

மூடியைக் கடைந்து மெழுகு தேய்ப்பதற்குள் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. ஜாஸ்மினும் மருமகன் ஜெபினும் கார் எடுத்து வந்தார்கள். ஜெயசீலி பாத்திரம் பண்டம் ஒன்றுவிடாமல் பரணில் ஏற்றினாள். வாளி, மக், தேங்காய்த் தொட்டி கூட மேலே போய்விட்டன. லேத்தைப் பலகை மேல் தூக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே வருவதாக எலியேசர் சொன்னார். காரில் ஏறுவதற்கு முன் அவள் நிலைப்படியை ஒரு பார்வை பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தில் நின்று பார்க்கிற பார்வை. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

அவர் பின்னாலேயே போகவில்லை. காற்று ஒரு பகலும் ஒரு இரவும் அடித்தது. விடிந்தபோது ஏரி, கரையைத் தாண்டி தெருவுக்கு வந்திருந்தது. கேட்டைத் தள்ளாமலே உள்ளே நுழைந்து முதல் படியில் ஏறியது. இரண்டாவது படியில் ஏறியது. நிலைப்படிக்கு நாலு விரல் பாக்கி. எலியேசர் மொண்டு ஊற்ற ஏதாவது இருக்கிறதா என்று வீடெல்லாம் தேடினார். எல்லாம் பரணில்; ஏணியோ ஷெட்டில் மிதந்துகொண்டிருந்தது. கையெட்டும் உயரத்தில் இருந்தது அந்தப் புளிச்செம்பு மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு வாசலில் குந்தினார்.

முதல் செம்பை மொண்டு வெளியே வீசினார். வீச ஒன்றுமில்லை. திரும்ப மொண்டார். திரும்பவும் ஒன்றுமில்லை. செம்பைக் காதில் வைத்துப் பார்த்தார். எங்கேயோ ரொம்பக் கீழே, கிணற்றில் மழை பெய்கிற சத்தம். அப்புறம் அவர் மொள்ளவில்லை. செம்பைச் சாய்த்து, வாயைத் தெருப்பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். தண்ணீருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. படியை விட்டு இறங்கி, தள்ளுமுள்ளு இல்லாமல், மின்சார ரயிலுக்கு நிற்கிற கூட்டம் என்றைக்காவது வரிசையில் ஏறினால் எப்படி இருக்குமோ அப்படி ஏறியது.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் குடையோடு நின்ற வைத்தீஸ்வரன் எட்டிப் பார்த்தார். "எலியேசர் சார்! என்ன பண்றீங்க?"

"தண்ணி புடிக்கிறேன் சார்!"

"எவ்வளவு பிடிக்கும்?"

"தெரிலயே சார்! ஓட்ட போடாம வுட்டுட்டேன்!"

வைத்தீஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடர்ந்து பார்த்தார். ஆகாயத்தாமரைகள் இலைகளைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போயின. முக்குளிப்பான்கள் இரண்டும் வாயருகே வந்து, ஒன்றையொன்று பார்த்து, மூச்சைப் பிடித்து முங்கின. மிதந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாசலில் நின்று யோசித்து, தனக்குச் சரிப்படாது என்று திரும்பிப் போனது. நண்பகலில் தெருவின் தார் தெரிந்தது. சாயங்காலம் ஏரி தன் கரைக்குள் இருந்தது. எலியேசர் மூடியை வைத்து அழுத்தியபோது அடியிலிருந்து ஏதோ ஒன்று முட்டி முட்டி மேலே வரப் பார்த்தது. முழங்காலை மூடி மேல் வைத்துத் திருகி இறுக்கினார். தூக்கிப் பார்த்தால் கனமில்லை. ஒரு உருண்டை புளி போட்டால் இருக்கிற கனம்கூட இல்லை. ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். கைகள் இரண்டும் ஊறி வெள்ளை வெளேர் என்று ஆகியிருந்தன. நிலைப்படியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. சின்னப் பையன் மாதிரி அதன் மேல் உட்கார்ந்து அவள் வரப் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அளந்தவருக்கு, அளக்கவே தேவையில்லாத ஒரு கதை கையில் கிடைத்துவிட்டது.

ஜெயசீலி வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். காய்ந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் சொன்னார். பால் போடுகிறவர் சொன்னார், சாவித்ரி சொன்னார், வைத்தீஸ்வரன் குடையை விரித்தே நடித்துக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரு 'உம்' போட்டாள். அதன் நீளத்தில் செங்கல்பட்டு போய்த் திரும்பி வந்துவிடலாம்.

"வடிகால் அடப்பு எடுத்தீங்களே, அத்தான் இது. நல்ல வேல பண்ணிகீறீங்க. அத்தச் சொன்னா ஆவாதா?" என்றாள். பிறகு வைத்தீஸ்வரனைப் பார்த்து, "சார், நீங்களும் இவரோட சேந்துகினீங்களா?" என்றாள்.

"சீலி, இது நெசமா நடந்துச்சு."

"சரி. செம்பத் தொறந்து காட்டுங்க."

எலியேசர் செம்பை இறக்கினார். மூடியில் கை வைத்தார். உள்ளே தண்ணீர் முட்டுவது உள்ளங்கையில் தெரிந்தது. திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே ஜெயசீலி வெறுங்காலோடு நின்றிருந்தாள். விரலிடுக்கில் புண் ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆறியிருந்தது.

அவர் செம்பை ஃபிரிட்ஜின் மேல் திருப்பி வைத்தார். "சும்மா சொன்னேன்" என்றார்.

தன் வாழ்நாளில் எலியேசர் பொய் என்று ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அந்த உண்மைதான். ஜெயசீலிக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்தாள். அவரும் கவனிக்காமல் சாப்பிட்டார்.

அதோடு அவர் அளப்பதை நிறுத்திவிட்டார். பொங்கல் போனது, சாம்பல் புதன் போனது, ஈஸ்டர் போனது. சோறு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார். வாழைக்காய் என்ன விலை என்று அவள் கேட்டால், என்ன விலையோ அதையே சொன்னார், ஜெயசீலிக்குத் திக்கென்றது. கீரையை மடியில் போட்டுக்கொண்டு அவள் காத்திருப்பாள். கொட்ட வைத்திருந்த 'உம்' எல்லாம் தொண்டையிலேயே தங்கி, சளி என்று நினைத்து டாக்டரிடம் போனாள். டாக்டர், தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஆனால் ரொம்ப நெரிசலாக இருக்கிறது என்றார்.

இதற்கிடையில் ஜாஸ்மின் விடவில்லை. இந்த வருஷம் தப்பித்தாகிவிட்டது, அடுத்த வருஷம் வடிகால் மறுபடி அடைத்தால்? ஜூனுக்குள் கீழ்க்கட்டளைக்கு வந்துவிடுங்கள் என்று தேதி குறித்தாள். ஜெயசீலி மகளுக்குச் சரி சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது ஒரு பெரிய புளுகைச் சொல்லித் தடுத்துவிடமாட்டாரா என்று. தடுக்க ஒரே ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது. அதைத்தான் அவர் பொய் என்று சொல்லிவிட்டிருந்தாரே. "உனக்கு எங்க கால் நனையாம இருக்குமோ அங்க போலாம் சீலி" என்றார். லேத்தைத் திருமுடிவாக்கத்துக்கு எடுத்துப்போகக் கதிரேசன் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

மே மாதக் கடைசியில் ஏரி சுண்டிப்போய், மாடு மேய்ந்தது. தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தால் உண்டு. எலியேசர் குடத்தோடு வரிசையில் நிற்கப் போயிருந்த ஒரு காலையில் ஜெயசீலி சமையலறையை மூட்டை கட்டினாள். புது வருஷத்துப் புளி, கொட்டை எடுத்து உருட்டி வைத்தது, டப்பா இல்லாமல் நின்றது. ஃபிரிட்ஜின் மேல் அந்தச் செம்பு இருந்தது. எனக்கென்று கடைந்ததுதானே, பொய்யோ நிஜமோ புளிக்குத்தானே கடைந்தார் என்று எட்டி எடுத்தாள். மூடி எதிர்ப்பில்லாமல் திறந்தது. கோடையில் எந்த ஏரியும் இறங்கத்தானே செய்யும். புளி உருண்டையை உள்ளே போட்டாள்.

சத்தம் வரவில்லை. கொஞ்சம் கழித்து, ரொம்பக் கீழே, 'ப்ளக்' என்றது.

ஜெயசீலி செம்பைப் பார்த்தாள். கையை விட்டாள். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, வளையல்கள் வாயில் இடித்து நின்றன. கழற்றிவிட்டு மறுபடி விட்டாள். தோள் வரை போனபோது விரல் நுனியில் தண்ணீர் பட்டது. இத்தனை வருஷமாக எந்தத் தண்ணீருக்குப் பயந்தாளோ அதே தண்ணீர். வெதுவெதுப்பாக, வெயிலில் கிடந்த நாய்க்குட்டி மாதிரி சாதுவாக இருந்தது. ஏதோ ஒன்று வந்து அவள் விரலைச் சப்பிப் பார்த்துவிட்டுப் போனது. தொலைவில் முக்குளிப்பான் கூப்பிட்டது. இன்னொன்று பதில் சொன்னது. பின்னாலேயே கீச்சுக் குரலில் குஞ்சுகள்.

அவள் கையை எடுத்து முகர்ந்தாள். சேலையில் துடைத்தாள். மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழுதாள். பிறகு எழுந்து, பூக்கட்டுகிற நூலை எடுத்தாள். தாலிக்கொடியில் கோர்த்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி வளைத்தாள். சோற்றை உருட்டிச் செருகினாள். பீர்க்கன்கரணையிலேயே பிறந்தவள், பாவாடை கட்டிய வயதில் அந்த ஏரியில் ஊக்கு போட்டு மீன் பிடித்த கை, அது மறக்கவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் ஜாஸ்மினும் ஜெபினும் முதல் நடைச் சாமானை ஏற்றிப்போகக் காரோடு வந்துவிட்டார்கள். அவிழ்த்த மூட்டைகளைத் தள்ளிவிட்டு நாலு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கட்டிவைத்த பாத்திரங்கள் எல்லாம் ஏன் திரும்ப அலமாரியில் இருக்கின்றன என்று ஜாஸ்மின் கேட்டாள். பதிலுக்கு ஜெயசீலி அவள் தட்டில் மீன் குழம்பு ஊற்றினாள்.

"சூப்பர்மா. ஜிலேபியா? ஏரிதான் காஞ்சி போச்சே, எங்க வாங்கின?"

எலியேசர் முதல் கவளத்தை வாயில் வைத்தவர் மெல்வதை நிறுத்திவிட்டார். தலையைத் தூக்காமல் ஃபிரிட்ஜைப் பார்த்தார். செம்பின் மூடி சற்றே கோணலாக இருந்தது.

"வாங்கல. அப்பா புடிச்சி வெச்ச ஏரியில கீது."

"அம்மா! நீயுமா ஆரம்பிச்சிட்ட?"

"புளி கொஞ்சம் தூக்கலா கீதா? நாந்தான் தெரியாம முழு உருண்டையப் போட்டுட்டேன். மீனுக்குள்ளயே ஏறிடுச்சி. இனிமே கொழம்புக்குத் தனியா போடத் தேவல." ஜெயசீலி மருமகனைப் பார்த்தாள். "ஜெபின் தம்பி, அந்தப் பெட்டிய வண்டிலேர்ந்து எறக்கிடுங்க. கதிரேசன் தம்பிக்கும் போன் போட்டு லேத்துக்கு வண்டி வாணாம்னு சொல்லிடுங்க. டிசம்பர்ல யாராவது ஒருத்தர் வாசல்ல குந்திகினு செம்பப் புடிக்கணும். இவரு ஒண்டியா புடிச்சா கையி ஊறிப்பூடுது."

ஃபிரிட்ஜின் மேல், மூடிக்குள், முக்குளிப்பான் ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. எலியேசர் தொண்டையைச் செருமினார். ஆறு மாதமாக ஓட்டாத குரல், துருப்பிடித்திருந்தது.

"சீலி... உள்ள இன்னும் சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி ரெண்டுக்கும் எடம் கீது."

அவள் 'உம்' கொட்டுவாள் என்று ஜாஸ்மின் காத்திருந்தாள். ஜெயசீலி அவர் தட்டில் ஒரு நடுத்துண்டை எடுத்து வைத்தாள்.

"கீது. நானே தோள் வரிக்கும் கைய வுட்டுப் பாத்தேன், அடி தட்டல" என்றாள். "நடந்துச்சு ஜாஸ்மினப்பா. நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. முள்ளு பாத்து சாப்புடுங்க."